மருந்து சுமந்த நாய்க்கு ஒரு சிலை

குயின்ஸ், நியூயார்க்
பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் மூவரும் நலமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா, அம்மா நேரத்துக்கு மாத்திரை போட்டுக்கொள்கிறாரா என்பதை அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுதுங்கள். பீரோவின் அடித்தட்டிலிருந்து தேடியெடுத்து நீங்கள் அனுப்பிவைத்த பேரனின் தடுப்பூசி அட்டையை இங்குள்ள பள்ளியில் கொடுத்துவிட்டோம். அதைப் பார்த்த பிறகுதான் சேர்க்கையை முடித்துக் கொடுத்தார்கள்.

அந்த அட்டையை ஆங்கிலத்தில் எழுதித் தருவதற்காக ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தபோது, தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) என்ற சொல்லில் என் பேனா நின்றுவிட்டது. செவிலியராக இத்தனை ஆண்டுகள் வேலை செய்தும் அந்த நோயோடு ஒரு நோயாளியைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. எனக்கு அது உங்கள் அக்காவின் பெயரோடு மட்டுமே சேர்ந்த சொல். செய்யாற்றில் வெள்ளம் இறங்கக் காத்திருந்த இரவில், மாட்டுவண்டியிலேயே ஆயாவின் மடியில் மூச்சடங்கிப்போன அந்த ஆறு வயதுப் பெண்ணைப் பற்றி ஆயா ஒரே ஒருமுறைதான் என்னிடம் சொன்னார். "மருந்து அக்கரையில் இருந்துச்சு, புள்ள இக்கரையில் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். சென்ற ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்துவந்த சிலைக்கும் அந்த வார்த்தைக்கும் தொடர்பு இருப்பதால்தான் இந்தக் கடிதத்தை இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நியூயார்க்கின் நடுவில் சென்ட்ரல் பார்க் என்று ஒரு பெரிய பூங்கா இருப்பதை முன்பே எழுதியிருக்கிறேன். அதன் தென்கிழக்கு மூலையில், 59-ஆம் தெருவில் சுரங்க ரயிலை விட்டு இறங்கி, விலங்குக் காட்சிசாலையைத் தாண்டி வடக்கே நடந்தோம். முந்தைய நாள் பெய்த பனி பாதையோரங்களில் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. 67-ஆம் தெருவுக்கு நேராக, ஒரு சிறிய வளைவுப் பாலத்தின் அருகே, மண்ணிலிருந்து இயல்பாகவே துருத்திக்கொண்டிருக்கும் பாறையின் மேல் ஒரு வெண்கல நாய் நிற்கிறது. வாய் திறந்து, நாக்கு வெளியே தொங்க, இழுவை வார் உடம்போடு பிணைந்திருக்க, இப்போதுதான் ஓடிவந்து நின்றதுபோல மூச்சிரைத்துக்கொண்டு தொலைவைப் பார்க்கிறது. சுற்றிலும் இரும்பு வேலி இல்லை, காவலரும் இல்லை. யார் வேண்டுமானாலும் பாறையில் ஏறித் தொடலாம். நூறு ஆண்டுகளாகக் குழந்தைகள் அதன் முதுகில் ஏறி உட்கார்ந்ததால் மற்ற இடமெல்லாம் கறுத்துப்போயிருந்தாலும் முதுகும் காதும் மட்டும் நம் கோயில் குத்துவிளக்கைப் போலப் பளபளக்கின்றன. உங்கள் பேரனும் வரிசையில் நின்று ஏறினான். குளிரில் வெண்கலம் சில்லென்று இருக்குமே என்று நான் பயந்தேன். அவனோ கையுறையைக் கழற்றிவிட்டு அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே, "இது என்ன செய்தது அம்மா?" என்று கேட்டான்.

அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ஆறு வயதுக் குழந்தையிடம் சொல்ல முடியாத பகுதிகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அலாஸ்காவின் மேற்குக் கரையில், ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே, பெரிங் கடலைப் பார்த்தபடி நோம் என்றோர் ஊர் இருக்கிறது. தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் குவிந்த ஊர், 1925-இல் ஏறத்தாழ 1,400 பேர் வாழும் சிற்றூராகச் சுருங்கியிருந்தது. குளிர்காலம் தொடங்கியதும் கடல் உறைந்துவிடும். அதன் பிறகு கோடைவரை கப்பல் வராது, சாலையும் கிடையாது, தபால்கூட நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியில்தான் வரவேண்டும். அந்த ஊருக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் இருந்த ஒரே மருத்துவர் கர்ட்டிஸ் வெல்ச். கையிருப்பில் இருந்த தொண்டை அடைப்பான் மருந்து காலாவதியாகிவிட்டது என்பதைக் கவனித்து, 1924 கோடையிலேயே புதிய மருந்துக்கு அவர் எழுதிப் போட்டிருந்தார். துறைமுகம் உறைவதற்கு முன் அது வந்து சேரவில்லை. ஜனவரியில் குழந்தைகளுக்குத் தொண்டை வலி என்று தொடங்கியது. முதலில் சாதாரண அழற்சி என்றே எண்ணியிருக்கிறார். பிறகு தொண்டைக்குள் அந்தச் சாம்பல் நிறப் படலத்தைப் பார்த்தார்.

அந்தப் படலத்தைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் படித்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. கிருமி தொண்டையிலேயே தங்கிக்கொள்கிறது. அது உமிழும் நச்சுதான் உடம்பெங்கும் பரவி இதயத்தையும் நரம்பையும் தாக்குகிறது. படலமோ வளர்ந்து மூச்சுவழியை அடைக்கிறது. நச்சை முறிப்பதற்குக் குதிரைகளின் இரத்தத்திலிருந்து எடுக்கும் சீரம் ஒன்றுதான் அன்றைக்கு மருந்து. பாம்புக்கடிக்கு நம் ஊர் ஆஸ்பத்திரியில் போடும் நச்சுமுறி மருந்தும் அதே முறையில் குதிரையிடமிருந்து வருவதுதான். நச்சு உடம்பின் உயிரணுக்களுக்குள் போய்விட்ட பிறகு அந்தச் சீரத்தால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே நாள் கணக்கு, ஏன் மணிக் கணக்குகூட, உயிர்க் கணக்குதான். வெல்ச் வேறு வழியின்றிக் காலாவதியான மருந்தையே ஏழு வயதுச் சிறுமி ஒருத்திக்குப் போட்டுப் பார்த்தார். அவள் பிழைக்கவில்லை. ஜனவரி 22 அன்று உதவி கேட்டுத் தந்தி அடித்தார். அவருடைய செவிலியர் எமிலி மோர்கன் அந்தக் குளிரில் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளின் தொண்டையைப் பார்த்துவந்தார் என்று படித்தபோது, ஹீட்டர் ஓடும் வார்டில் நான் பார்க்கும் வேலையை நினைத்துக்கொண்டேன். கையில் மருந்து இல்லாமல் ஒரு தாயின் எதிரே போய் நிற்பது எவ்வளவு பெரிய கொடுமை என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

ஆங்கரேஜ் நகர மருத்துவமனையில் 3,00,000 யூனிட் சீரம் இருப்பது தெரியவந்தது. ஊர் முழுமைக்கும் அது போதாது என்றாலும், மேலும் மருந்து வரும்வரை நோயைத் தடுத்து நிறுத்தப் போதும். விமானத்தில் அனுப்பலாம் என்று சிலர் வாதாடினார்கள். அக்கால விமானங்களில் விமானி திறந்தவெளியில் உட்கார வேண்டும். அந்தக் குளிரில் அப்படிப் பறந்து யாருக்கும் பழக்கமில்லை, இருந்த சில விமானங்களும் குளிர்காலத்துக்காகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. ஆளுநர் ஸ்காட் போன் நாய்களையே நம்பினார். கண்ணாடிக் குப்பிகளைக் கம்பளியில் பொதிந்து, உலோக உருளைக்குள் அடைத்து, சுமார் 9 கிலோ எடையுள்ள அந்தப் பொதியை ரயிலில் நெனானா என்ற ஊர்வரை கொண்டுவந்தார்கள். அங்கிருந்து நோம் 674 மைல், ஏறத்தாழ 1,085 கிலோமீட்டர். வழக்கமாகத் தபால் வண்டிக்கு மூன்று வாரத்துக்கு மேல் ஆகும் தூரம் அது.

ஜனவரி 27 இரவு முதல் வண்டி கிளம்பியது. இருபது வண்டியோட்டிகள், ஏறத்தாழ 150 நாய்கள், கைமாற்றிக் கைமாற்றி ஓட்டம். அவர்களில் பலர் அலாஸ்காவின் பூர்வகுடி மக்கள். பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பது டிகிரி செல்சியஸ் குளிர். முதல் ஓட்டி ஷானன் அடுத்த தங்குமிடம் போய்ச் சேர்ந்தபோது உறைபனி கடித்து அவர் முகம் கறுத்துப்போயிருந்தது. சார்லி எவன்ஸ் என்பவருடைய முன்னத்தி நாய்கள் இரண்டும் குளிரில் விறைத்து விழுந்தன. அவர் அந்த வாரைத் தம் மேல் மாட்டிக்கொண்டு, மீதி நாய்களோடு தாமும் ஒரு நாயாக நின்று வண்டியை இழுத்தார். மாடு படுத்துவிட்டால் நுகத்துக்குத் தோள் கொடுப்பதை நீங்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உயிர் போகும் குளிரில் அதை ஒருவர் செய்தார் என்பதை எண்ணியபோது என் கண் கலங்கிவிட்டது.

முன்னத்தி நாய் என்று நானாகத்தான் பெயர் வைத்திருக்கிறேன் அப்பா. நம் உழவில் முன்னத்தி ஏர் எப்படியோ, அந்த வண்டிகளில் முதலில் ஓடும் நாய் அப்படி. ஓட்டியின் கையில் கடிவாளம் கிடையாது, குரல் மட்டும்தான். பனிப்புயலில் அந்தக் குரலும் கேட்காது. கால்களுக்குக் கீழே பனிக்கட்டி தாங்குமா, பாதை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதையெல்லாம் அந்த நாய் மோந்தும் மிதித்தும் தானே தீர்மானிக்க வேண்டும்.

கடைசி வண்டியின் முன்னத்தி நாய்தான் நாங்கள் சிலையாகப் பார்த்த பால்டோ. அதை ஓட்டியவர் குன்னர் காசென் என்ற நார்வேக்காரர். தன் வண்டியில் கட்டிய பின்வரிசை நாய்களைக்கூடப் பார்க்க முடியாத அளவுக்குப் புயல் வீசியது. வழியில் சாலமன் என்ற ஊரில், புயல் தணியும்வரை காத்திருக்கும்படி அவருக்கு ஒரு செய்தி வைத்திருந்தார்கள். ஊர் இருப்பதே தெரியாமல் அவர் கடந்துபோய்விட்டார். சற்றுத் தூரத்தில் காற்று வண்டியையே தூக்கிப் புரட்டியது, மருந்துப் பொதி பனிக்குள் விழுந்தது. இருட்டில் கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் கையால் பனியைத் துழாவித் துழாவித் தேடி அதை எடுத்திருக்கிறார். அடுத்த நிலையத்தில் மாற்று ஓட்டி தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பி நாய்களைப் பூட்டும் நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று எண்ணி, காசென் தாமே ஓட்டிச் சென்றார். பிப்ரவரி 2 விடியற்காலை ஐந்தரை மணி அளவில் நோம் வந்து சேர்ந்தார். மொத்தம் ஐந்தரை நாள்! மருந்து உறைந்திருந்தது, ஆனால் ஒரு குப்பிகூட உடையவில்லை. இளக வைத்ததும் வேலை செய்தது. ஊர் பிழைத்தது. அந்தச் செய்தி அன்றே உலகமெல்லாம் பரவியது. அதே ஆண்டு டிசம்பரில் ஃபிரடெரிக் ராத் என்ற சிற்பி செய்த இந்தச் சிலையை நியூயார்க்கில் திறந்துவைத்தபோது, பால்டோவே நேரில் வந்து நின்றது. தன் சிலைத் திறப்புக்குத் தானே வருவது மனிதர்களில்கூட எத்தனை பேருக்கு வாய்க்கும்!

இங்கேதான் என் மனத்தை உறுத்திய ஒன்றைச் சொல்ல வேண்டும். பால்டோ கடைசி ஐம்பத்து மூன்று மைல் ஓடியது. அதற்கு முந்தைய மிக ஆபத்தான பகுதியைக் கடந்தது டோகோ என்ற பன்னிரண்டு வயது நாய். அந்த வயது நாய்க்குக் கிழப்பருவம். அதன் ஓட்டி லியோனார்ட் செப்பாலா மருந்தை எதிர்கொள்வதற்காக நோமிலிருந்து புறப்பட்டு 170 மைல் வந்தார். வாங்கிக்கொண்டு திரும்ப 91 மைல் ஓடி அடுத்தவரிடம் ஒப்படைத்தார். குறுக்கே நார்ட்டன் சவுண்ட் என்ற கடல் வளைகுடா இருக்கிறது. கரையோரமாகச் சுற்றிப் போனால் ஒரு நாள் கூடுதலாகும். அந்த ஒரு நாளைக் குழந்தைகளுக்குக் கொடுக்க எண்ணி, எந்த நேரமும் பிளந்து கடலுக்குள் மிதந்துவிடக்கூடிய உறைபனியின் மேல் போகும்போதும் வரும்போதும் டோகோவை நம்பிக் கடந்தார். டோகோ குட்டியாக இருந்தபோது நோஞ்சான் என்று யாரிடமோ கொடுத்துவிட, அது சன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு செப்பாலாவிடமே ஓடிவந்துவிட்டதாம். பால்டோவும் செப்பாலா வளர்த்த நாய்தான். ஆனாலும் எல்லாப் புகழும் கடைசியாக ஊருக்குள் நுழைந்த நாய்க்கே போனது அவருக்கு இறுதிவரை மனக்குறையாக இருந்திருக்கிறது. அவர் பக்கத்தில் நியாயம் இருக்கிறது என்றே எனக்கும் படுகிறது.

ஆனால் பால்டோவின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. புகழைக் கேட்டு வாங்கியது அது அல்லவே. பாறையில் பதித்திருக்கும் கற்பலகையைக் குனிந்து படித்தபோது சிலை செய்தவர்கள் மீதிருந்த வருத்தமும் பெருமளவு தணிந்துவிட்டது. அந்தப் பலகையில் பனிப்புயலுக்குள் ஒரு வண்டியை இழுத்துவரும் ஏழு நாய்களைச் செதுக்கியிருக்கிறார்கள். 1925-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நெனானாவிலிருந்து நோய்ப்பட்ட நோமுக்குக் கரடுமுரடான பனிமேல் அறுநூறு மைல் மருந்தைக் கைமாற்றிக் கொண்டுசேர்த்த சறுக்குவண்டி நாய்களின் அடங்காத ஆன்மாவுக்கு இந்தச் சிலை உரியது என்று பொறித்து, கீழே தாங்கும் திறன், விசுவாசம், அறிவு என்ற பொருளில் மூன்று சொற்களைத் தனியே வெட்டியிருக்கிறார்கள். எல்லா நாய்களுக்கும் என்றுதான் எழுதியிருக்கிறது. வந்துபோகும் கூட்டத்தில் அதைக் குனிந்து படிப்பவர்கள் குறைவு.

பால்டோ பட்ட பாட்டைக் கேட்டால் நீங்களும் வருந்துவீர்கள். சிலை எழுந்த ஒன்றிரண்டு ஆண்டுகளுக்குள் அதையும் அதன் கூட்டாளிகளையும் விற்றுக் கைமாற்றி, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் காசு வாங்கிக்கொண்டு காட்டும் மலிவான காட்சிக்கூடம் ஒன்றில் கட்டிப்போட்டிருந்தார்கள். கிளீவ்லாந்து நகர வணிகர் ஜார்ஜ் கிம்பிள் தற்செயலாக அங்கே போய், மெலிந்து கிடந்த நாய்களை அடையாளம் கண்டு, 2,000 டாலர் திரட்டினால் விடுவிக்கலாம் என்று பேசி வைத்தார். பள்ளிப் பிள்ளைகள் சில்லறைக் காசுகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். பத்தே நாளில் பணம் சேர்ந்துவிட்டது. 1927 மார்ச் மாதம் பால்டோவும் மற்ற ஆறு நாய்களும் கிளீவ்லாந்துக்கு வந்தன. அங்குள்ள விலங்குக் காட்சிசாலையில் முதுமையை அமைதியாகக் கழித்து, 1933-இல் பால்டோ இறந்தது. ஒரு காலத்தில் குழந்தைகளுக்காக ஓடிய நாயைக் கடைசியில் குழந்தைகளே மீட்டார்கள் என்பதை உங்கள் பேரனிடம் சொன்னபோது, அவன் தன் உண்டியலில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டான்.

அங்கிருந்து நேரே வீட்டுக்குப் போக எனக்கு மனமில்லை. டோகோவைப் பார்க்காமல் போவது சரியில்லை என்று தோன்றியதால், ரயில் பிடித்து மன்ஹாட்டனின் கீழ்ப்பகுதியில் உள்ள சீவார்ட் பூங்காவுக்குப் போனோம். அலாஸ்காவை 1867-இல் ரஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு வாங்கிய அமெரிக்க அமைச்சரின் பெயர் அந்தப் பூங்காவுக்கு. அங்கே 2001-இல்தான் டோகோவுக்குச் சிறியதாக ஒரு வெண்கலச் சிலை வைத்தார்கள். பால்டோவின் முன்னே வரிசையில் நின்றோம். இங்கே எங்களைத் தவிர யாரும் இல்லை. தலைமேல் பனி படிந்திருந்தது. உங்கள் மருமகன் குனிந்து தம் கைக்குட்டையால் அதைத் துடைத்துவிட்டார். எழுபத்தாறு ஆண்டு தாமதம் என்றாலும் வந்து சேர்ந்ததே என்று ஆறுதலாக இருந்தது.

திரும்பும்போது ரயிலில் எனக்கு எடுத்தனூர் நினைவுக்கு வந்தது. நான் எட்டாவது படிக்கும்போது நீங்கள் சைக்கிளில் கூட்டிப்போய்க் காட்டிய நடுகல்லைச் சொல்கிறேன். மகேந்திரவர்ம பல்லவர் காலத்துக் கல், ஆயிரத்து நானூறு ஆண்டு பழையது என்று சொல்லி, எழுத்துகளின் மேல் விரலை நகர்த்தி நீங்கள் படித்துக் காட்டினீர்கள். எருமைகளுக்காகச் சண்டையிட்டு மாண்ட கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. கோவிவன் என்னும் நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்ற செய்தியையும் அதே கல்லில் பொறித்திருக்கிறார்கள். வீரனுக்குப் பின்னால் அந்த நாயின் உருவமும் இருக்கிறது. நாய்க்குப் பெயர் எழுதியிருக்கிறார்களே என்று நான் வியந்தபோது, "கூட நின்றவன் பெயரைச் சொல்லாமல் எப்படி விடுவார்கள்?" என்று நீங்கள் கேட்டீர்கள். அந்த வயதில் எனக்கு அது சாதாரணப் பேச்சாகத்தான் பட்டது. பால்டோவின் பாறையருகே நின்று, பெயர் தெரியாத நூற்றுக்கும் மேற்பட்ட நாய்களை நினைத்தபோதுதான் அந்தக் கேள்வியின் கனம் புரிந்தது. எவன்ஸின் வாரில் விறைத்து விழுந்த அந்த இரண்டு நாய்களையும் யாரோ ஒருவர் பெயர் சொல்லித்தானே கூப்பிட்டிருப்பார்?

அத்தையையும் நினைத்துக்கொண்டேன். அவர் படம் ஒன்றுகூட நம் வீட்டில் இல்லை. அவர் பிறந்த ஆண்டும், உங்களுக்கு அவரைப் பற்றி நினைவிருக்கும் எல்லாமும் எழுதி அனுப்புங்கள். என் மகனுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

இன்னொன்று. தம்பி அடுத்த முறை செங்கம் போகும்போது எடுத்தனூருக்கும் ஒரு நடை போய், அந்தக் கல்லை வெயில் சாய்ந்த நேரத்தில் பக்கவாட்டிலிருந்து படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உச்சி வெயிலில் எடுத்தால் கோடுகள் தெரியாது என்று நீங்கள்தான் அன்று சொன்னீர்கள். கோவிவனின் வால் பால்டோவின் வாலைப் போலவே இருக்குமா என்று உங்கள் பேரன் மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

அம்மாவுக்கு என் வணக்கங்கள்.

உங்கள் அன்பு மகள்